கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள். மண்டபத்தின் பின்னால் ரோல்ஸும் கேக்கும் தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கிற நேரத்தில் அதைப் பேச எங்களுக்குத் துணிவில்லை. செயற்குழு தந்த தலைப்பு 'நம்மைப் பேணுதலும் பிறரைப் பேணுதலும்'. இதில் இரண்டாவது பாதிக்கு இங்கே இருக்கிற எல்லோருக்கும் 'ஏ' சித்தி கிடைக்கும். முதற்பாதியில் பலருக்கு 'எஸ்' கூட வராது.

'நாங்கள்' என்று பேசுவதை யாரும் பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்லப்போவது ஒருத்தியின் அனுபவம் இல்லை. 90களின் கடைசியில் இங்கிருந்து உயர்தரம் எழுதி, வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் வங்கி உத்தியோகத்தர்களாகவும், வீட்டையே முழுநேர உத்தியோகமாகச் செய்கிறவர்களாகவும் ஆன ஒரு வகுப்பு, வாட்ஸ்அப்பிலும் நேரிலும் இரண்டு மாதமாகப் பேசிச் சேர்த்த விஷயங்கள் இவை. மேடையில் ஏற்றிவிட ஆள் தேடியபோது கையில் ஸ்டெதஸ்கோப் இருந்தவர் அகப்பட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கிளினிக்கில் நாங்கள் வாரந்தோறும் பார்க்கிற ஒரு காட்சி இருக்கிறது. ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா, எண்பது வயது மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மாமியாரின் மருந்துச் சீட்டுகள் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். எந்த மாத்திரை காலையில், எது இரவில், எதைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது எல்லாம் மனப்பாடம். சீனி எவ்வளவு இருந்தது என்று கேட்டால் மூன்று மாதக் கணக்கை ஒப்புவிப்பார். எல்லாம் முடிந்து எழும்பும்போது, 'உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ், கொஞ்சம் தலை சுத்தும், பனடோல் ரெண்டு போட்டா சரியாயிரும்' என்பார். பிரஷரை எடுத்துப் பார்த்தால் மாமியாருடையதை விட இவருடையது கூட இருக்கும். எத்தனை காலமாகப் பனடோல் என்று கேட்டால், 'போன தீபாவளியில இருந்து' என்று பதில் வரும்.

இந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மாமியாருக்கு வந்தால் அதே தலைச்சுற்றுக்கு அன்றைக்கே த்ரீவீல் பிடித்திருப்பார். தனக்கு என்று வரும்போது மட்டும் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்தத் தடையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். வெளிநாட்டில் இருக்கிற நம் தங்கைமார் 'செல்ஃப் கெயார்' என்று சொல்கிறார்கள். மெழுகுதிரி, வாசனை எண்ணெய், முகத்துக்குப் பூச்சு எல்லாம் வைத்து அழகழகான படங்கள் அனுப்புகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எண்ணெய் நம் வீடுகளுக்குப் புதிதா?

நம் ஆச்சிமாரின் காலத்தில் எண்ணெய் முழுக்குக்கு நாள் குறித்திருந்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். கிரகபலன் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு பெண் தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. 'என்ன சும்மா இருக்கிறாய்?' என்று கேட்டால் 'எண்ணெய் வைச்சிருக்கிறேன்' என்றால் போதும். ஓய்வைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது நாட்காட்டியில் எழுதப்பட்டிருந்தது. இது எல்லா வீட்டுக்கும் கிடைத்த வசதி என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்ணுக்கு எந்தச் செவ்வாய், எந்த வெள்ளி?

இப்போது மிஞ்சியிருப்பது தீபாவளி எண்ணெய் முழுக்கு. கண்டிக் குளிரில், விடிய நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் சுடவைத்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, அவருக்குத் தேய்த்து, மாமாவுக்குத் தண்ணீர் விளாவி வைத்து, பலகாரத்தையும் பார்த்து, கடைசியில் தான் குளிக்கப் போகும்போது சுடுதண்ணீர் முடிந்திருக்கும். கோயில் அன்னதானத்திலும் இதே முறைதான். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தி. அந்த நேரத்தில் பாயாசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நொறுங்கியிருக்கும், சாம்பாரில் காய் இருக்காது. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் உட்காருவதிலும் ஒரு சந்தோஷம் உண்டு. சிரிப்பும் கதையும் அங்கேதான் அதிகம். ஆனால் வாழ்நாள் முழுவதும், எல்லா விஷயத்திலும், கடைசிப் பந்தியிலேயே இருந்தால் உடம்பு கணக்கு வைத்திருக்கும்.

நம் மரபில் பெண்ணைப் பேணுகிற ஏற்பாடுகளில் மிகப் பெரியது பிள்ளைப்பேற்றுக் காலம். யாழ்ப்பாணத்துப் பக்கத்து வீடுகளில் 31 நாள் துடக்கு, முஸ்லிம் தோழிகளின் வீடுகளில் 40 நாள், எங்கள் சிங்களத் தோழிகளின் வீடுகளில் அம்மா வந்து நின்று கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும் காலம். பேர் வேறு, கணக்கு வேறு, சாரம் ஒன்றுதான். பிள்ளை பெற்றவள் பானை தூக்கக் கூடாது, அடுப்படிக்கு வரக் கூடாது. சரக்கரைத்த கறியும் முருங்கை இலையும் பால்சுறாப் புட்டும் அவளைத் தேடி அறைக்கு வரும். உள்ளியும் நிறையப் போடுவார்கள். அதைப் பூண்டு என்று சொல்வதா உள்ளி என்று சொல்வதா என்று எங்கள் வகுப்பில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்களும் இன்னும் சமாதானமாகவில்லை.

வைத்தியர்களாக இந்த மரபில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எங்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வோம். ஓய்வை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். துணையாக ஒரு மூத்த பெண் வீட்டில் நிற்பதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பிள்ளை பெற்றவளைத் தாகத்தோடு வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர்தான் முதல் தேவை. கட்டிலைவிட்டு இறங்கவே விடாமல் வைத்திருப்பதையும் விடுங்கள். காலில் இரத்தம் கட்டிப்போகும் ஆபத்து அந்த நாட்களில் அதிகம். பிள்ளையின் வாயில் தேனும் சீனித் தண்ணியும் வைப்பதை அறவே விடுங்கள். இவ்வளவும் சொன்னால் சில ஆச்சிமாருக்குக் கோபம் வரும். 'நாங்க பெத்து வளர்க்கலையா?' என்பார்கள். பெற்றார்கள். ஆனால் பெற்ற எல்லோரும் பிழைக்கவில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். நம் சங்கம் தொடங்கிய அதே காலத்தில், 1926இல், களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்று நாம் எம்.ஓ.எச். ஒஃபீஸ் என்று சொல்லுகிற ஏற்பாட்டின் தொடக்கம் அது. நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை மாற்றி, சுகமாக இருக்கிறவர்களின் வீட்டுக்கே சுகாதாரம் போக வேண்டும் என்ற யோசனை. 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 30, 40 என்ற அளவில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் செய்த வேலை அல்ல இது. குடையும் பையுமாக மலையேறி வந்து கதவைத் தட்டிய குடும்ப நல உத்தியோகத்தர்கள், நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவர்கள், செய்த வேலை. பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. இந்த மண்டபத்தில் இருக்கிற நம்மில் அநேகர் அப்படிப் பார்க்கப்பட்ட பிள்ளைகள்தான்.

அதே தலைமுறையில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்து முடித்தவர். 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கனடாவில் கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசும் சங்கங்கள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தார். கிராமத்துப் பெண்கள் வீட்டு வேலையை வைத்துவிட்டு ஓர் இடத்தில் கூடுவார்கள். சத்துணவு, வீட்டுத்தோட்டம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் பேசுவார்கள். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எங்களுக்கு இதில் பிடித்தது விருது இல்லை. ஒரு வைத்தியர், மருந்துக்கு முதல் பெண்கள் ஒன்றாகக் கூடுவது முக்கியம் என்று கண்டுகொண்டாரே, அதுதான்.

மறுபடியும் இன்றைக்கு வருவோம். அந்த 31 நாள் இப்போது என்ன ஆயிற்று? அம்மா வெளிநாட்டில், அல்லது அம்மாவுக்கே வேலை. மாமியாருக்கு முழங்கால் வலி. கணவனுக்கு மூன்று நாள் லீவு. கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை அனெக்ஸ் வீட்டில் ஒரு பெண் தனியாகப் பிள்ளையோடு இருக்கிறாள். சட்டப்படி 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் என்று இருந்தது, 2018இல் அதுவும் திருத்தப்பட்டது. லீவு கிடைக்கிறது. ஓய்வு கிடைக்கவில்லை. துடக்கு என்ற கட்டுப்பாடு போய்விட்டது, நல்லது. அதோடு சேர்த்து அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒளிந்திருந்த ஓய்வும் போய்விட்டது. பத்தாம் நாளே சமைக்கிறாள், இருபதாம் நாள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள்.

பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். சிரிக்க முடிகிறதா, காரணம் இல்லாமல் உங்களை நீங்களே குறை சொல்கிறீர்களா, நித்திரை கொள்ள முடியாத அளவுக்குக் கவலையாக இருக்கிறதா என்ற மாதிரிக் கேள்விகள். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. முந்தின காலத்தில் அறைக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா கேட்ட கேள்விகள்தான். குழந்தை பார்க்கப் போகிற நாம் என்ன செய்கிறோம்? குழந்தை யாரைப் போல இருக்கிறது என்று பார்க்கிறோம், சட்டைப் பெட்டியைக் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த முறை போகும்போது, பிள்ளையை வாங்கி நாம் ஒரு மணி நேரம் வைத்திருந்து, அவளைக் குளித்துவிட்டு நித்திரைகொள்ளச் சொல்வோம். சட்டைப் பெட்டியை விட அது பெரிய பரிசு.

தோட்டப் பக்கம் வேலை செய்த எங்கள் தோழிகள் ஒரு விஷயத்தைக் கோபமாகவே சொன்னார்கள். 'உனக்கென்று நேரம் ஒதுக்கு' என்று கொழுந்தெடுக்கிற பெண்ணிடம் சொல்வது கேலி செய்வது மாதிரி என்றார்கள். விடியமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, ஏற்றத்தில் ஏறி, 18, 20 கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து நிறுத்துக் கொடுத்து, பின்னேரம் விறகோடு லயத்துக்கு வருகிறவளுக்கு ஒதுக்க எந்த நேரம் இருக்கிறது? கர்ப்பிணியாக இருக்கும்போது கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கிறார்கள். அது அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும். வீட்டுக்குப் போனதும் அவள் அதை உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறாள். இதற்கு அவளைக் குற்றம் சொல்ல எங்களால் முடியாது. பசித்த நாலு பிள்ளைகளைப் பார்க்க வைத்துக்கொண்டு எந்தத் தாய் தனியாகச் சாப்பிடுவாள்? ஆகவே தன்னைப் பேணுதல் என்பதைத் தனி ஒருத்தியின் மனவுறுதி என்று பேசுவதை நாங்கள் ஏற்பதில்லை. அவள் சுமையில் கொஞ்சத்தை வேறு யாராவது வாங்கினால்தான் அவளுக்குக் கை நீட்ட இடம் வரும்.

சுமையை வாங்குகிற பழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. எங்கள் வகுப்பு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம், 1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அந்த வாரம் கண்டியில் தமிழ் வீடுகளில் என்ன பயம் இருந்தது என்பது அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும். வெளியே போகாதே, தமிழில் சத்தமாகப் பேசாதே. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்டிமார் வேலிக்கு மேலால் பாணும் பருப்பும் நீட்டினார்கள். 'என்ன வேணும் என்று சொல்லுங்க, நாங்க கடைக்குப் போறோம்' என்றார்கள். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஐந்து வேறு தெருக்களிலிருந்து இதே கதையைச் சொன்னார்கள். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோதும், கதவைத் திறந்து அயலவரை உள்ளே எடுத்தவர்கள் இருந்தார்கள். எரித்தவர்களும் இந்த ஊர்ப்பக்கம்தான், ஒளித்து வைத்தவர்களும் இந்த ஊர்ப்பக்கம்தான். இரண்டையும் மறக்கக் கூடாது.

அதற்கு ஏழு வருஷத்துக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 வருஷ இடைவெளிக்குப் பின் புனித தந்தத்தை மக்கள் நேரில் பார்க்கத் திறந்தார்கள். கண்டிக்கு வந்த கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டில் இருந்தவர்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வரிசை கிலோமீற்றர் கணக்கில். வெயில், பிறகு மழை. கைக்குழந்தையோடும் ஊன்றுகோலோடும் மக்கள் இரவெல்லாம் தெருவோரத்தில். அந்த நாட்களில் கண்டியின் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, வந்த யாத்திரிகர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தன. கழிப்பறையைத் திறந்துவிட்டன, வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டால் சாப்பாட்டை விட அதுதான் பெரிய தர்மம் என்பார்கள். வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாயை நீட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வருஷமே நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்து, கம்பளையில் வெள்ளம் ஏறியபோதும் அதே பானைகள் அடுப்பில் ஏறின.

ஒன்றைக் கவனித்தோம். இந்த இரக்கம் எதுவும் திடீரென்று வந்ததில்லை. வெசாக்குக்கு வருஷா வருஷம் தன்சல் போட்டுப் பழகிய கைகள். நோன்புக்குக் கஞ்சி காய்ச்சி அயலுக்கெல்லாம் வாளியில் கொடுத்துப் பழகிய பள்ளிவாசல்கள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் அன்னதானத்துக்கு நூறு தேங்காய் துருவிப் பழகியவர்கள். பெரிய பானை எந்த வீட்டில் இருக்கிறது, யாருக்கு காஸ் சிலிண்டர் கூட இருக்கிறது, யார் அரிசி அளவு பிழைக்காமல் போடுவார் என்பது ஏற்கனவே தெரிந்திருந்தது. ஆபத்து வந்தபோது யோசிக்க வேண்டி இருக்கவில்லை.

இதில் நாங்கள் மிகவும் மதிப்பது மரணாதாரச் சங்கம். நம் ஊர்ப்பக்கம் ஒவ்வொரு கிராமத்திலும் தோட்டத்திலும் உண்டு. மாதம் ஒரு சிறு சந்தா. யாராவது இறந்தால் ஒரு மணி நேரத்தில் கதிரை வந்துவிடும், கூடாரம் வந்துவிடும், கோப்பைகள் வந்துவிடும், வெள்ளைக் கொடி கட்டப்படும். செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோறு அயலிலிருந்து வரும். இரவுக்கு யார் விழித்திருப்பது என்று முறை போட்டிருப்பார்கள். அழுகிறவர்கள் அழுதால் மட்டும் போதும். எந்த ஏழை வீட்டிலும் இது நடக்கும். யாரும் 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று கேட்பதில்லை. கேட்காமலே நடக்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள்.

சாவுக்கு இவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிற நாம், நோய்க்கு ஏன் எதையும் செய்யவில்லை?

இதை ஒரு காரணத்தோடுதான் கேட்கிறோம். எங்கள் வகுப்பில் ஒருத்தி இன்று இங்கே இல்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை; அவளுடைய மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இவ்வளவையும் சொல்கிறோம். நல்ல ஆசிரியை. மார்பில் ஒரு கட்டியை ஒரு தைப்பொங்கல் காலத்தில் கவனித்திருக்கிறாள். வலி இல்லை. மகளின் ஓ.எல். பரீட்சை முடியட்டும் என்று இருந்தாள். பிறகு மாமாவின் ஆண்டுத்திவசம். பிறகு மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடும். பிறகு பாடசாலைத் தவணைப் பரீட்சை. அடுத்த வருஷம் பங்குனியில்தான் வந்தாள். அதற்குள் அது எலும்புக்குப் போயிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அதுவரை சொல்லவில்லை.

மார்புப் புற்றுநோய்தான் இந்நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் என்பது அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள். ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகப் பிழைக்கிறார்கள் என்றும் தெரியும். ஏன் வரவில்லை என்று கடைசிக் காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். 'தனியாப் போகப் பயமா இருந்திச்சு. யாரையாவது கூட்டிட்டுப் போனா அவங்க வேலை கெட்டுரும்' என்றாள். அவ்வளவுதான். பதினாலு மாதத்துக்கு அவளிடம் இருந்த காரணம் அவ்வளவுதான்.

நாற்பது பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஒருவருடைய வேலையும் கெட்டிருக்காது. கேட்பதற்கு வாய் வராமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அதனால் கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி ஒரு முறை வேண்டும் என்பதுதான் எங்கள் வகுப்பு பேசிப் பேசி வந்து சேர்ந்த முடிவு.

வசதிகள் இல்லாமல் இல்லை. எம்.ஓ.எச். பிரிவுகளில் வெல் வுமன் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். 35 வயது வந்தால் போகலாம், காசு இல்லை. பிரஷர், சீனி, மார்புப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில். 35இலும் 45இலும் கட்டாயம் போங்கள் என்று கூப்பிட்டே அனுப்புகிறார்கள். கூச்சமாக இருக்கும் என்பார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தடுப்பூசியும் 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே கொடுக்கிறார்கள். சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். யாரோ போனில் அனுப்பிய கதையைக் கேட்டுக் கிழித்துப் போடாதீர்கள். மார்பை மாதத்தில் ஒரு நாள், மாதவிலக்கு முடிந்த கையோடு, குளிக்கும்போது நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி வலிக்கவில்லை என்பது நல்ல சகுனம் இல்லை. ஆபத்தான கட்டிகளில் பல வலிப்பதே இல்லை.

மனசுக்குச் சரியில்லை என்றால் பேச இடம் இருக்கிறது. சுமித்ரயோ அமைப்பு 1974இலிருந்து இதைச் செய்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய ஆண்டும் அதேதான், ஞாபகம் வைப்பது சுகம். எந்த நேரமும் எடுக்கலாம், யார் என்று சொல்லத் தேவையில்லை.

நடப்பதற்கு இந்த ஊரைப் போல ஊர் கிடைக்காது. வாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், நம் நடைக்கு நாற்பது நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது. நாலு சுற்றில் கணக்கு முடிந்தது. தனியாகப் போனால் மூன்றாம் நாள் நின்றுவிடும். இரண்டு பேராகப் போனால், மற்றவள் வந்து காத்திருப்பாளே என்ற வெட்கத்திலாவது போவோம். கதை பேசிக்கொண்டு நடப்பதால் வேகம் குறையும் என்று கவலைப்பட வேண்டாம். கதையும் மருந்துதான் என்று எங்கள் அனுபவம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாவி இல்லை என்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடவுங்கள். டொரொண்டோவில் காலை என்றால் இங்கே பின்னேரம், யாராவது ஒருத்தி சும்மா இருப்பாள்.

நூற்றாண்டுக்கு என்ன செய்வது என்று செயற்குழுவில் பல யோசனைகள் இருப்பது தெரியும். மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று, நினைவுத் தூண் ஒன்று. எல்லாம் நல்லதுதான், நாங்களும் சந்தா கொடுப்போம். அதோடு கல்லும் சீமெந்தும் வேண்டாத ஒன்றையும் கேட்கிறோம். மரணாதாரச் சங்கம் போல ஒரு துணை முறை. மகியாவை, கட்டுகஸ்தோட்டை, பேராதெனிய, குண்டசாலை, அக்குறணை, கம்பளை, கலஹா என்று இடம் வாரியாக ஒரு பெயர்ப் பட்டியல். எந்தப் பழைய மாணவிக்குக் கிளினிக் நாள் வந்தாலும், ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தாலும், றிப்போட் எடுக்கப் போக வேண்டி வந்தாலும், ஒருத்தி கூடப் போவாள். வீட்டில் படுக்கையில் இருக்கிற பெரியவரை அந்த அரைநாள் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி வருவாள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் சங்கத்துச் செலவு. இதற்கு வெளிநாட்டுக் கிளைகள் முன்வந்தால் சந்தோஷம். பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு முதல் மாதம் வாரம் ஒரு நாள் சோறு கறி போகும். உதவி என்று பேர் வைக்க வேண்டாம், முறை என்று வைப்போம். உதவி என்றால் நாம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். இன்றைக்கு உன் முறை என்றால் மறுக்க மாட்டோம்.

இப்போதைக்கு இதைப் பழைய மாணவிகளுக்குள் தொடங்குவோம் என்றுதான் சொல்கிறோம். முறை ஓடத் தொடங்கினால், நம் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தோட்டங்களில் இருக்கிற அம்மாமாரையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன கோபக்காரத் தோழிகள் எங்களை விடமாட்டார்கள்.

பின்பக்கத்தில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். நீல அட்டை, எங்கள் காலத்து எண்பது பக்கக் கொப்பி. இரண்டு பத்தி கோடு போட்டிருக்கிறது. ஒன்றில் 'துணைக்கு வரக்கூடியவர்', மற்றதில் 'துணை வேண்டியவர்'. ஒரே பெயரை இரண்டு பக்கத்திலும் எழுதலாம்; எங்கள் வகுப்பில் பதினொரு பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் தொலைபேசி எண்ணையும், வாரத்தில் எந்த நாள் வசதி என்பதையும் போடுங்கள். இரண்டாவது பத்தியில் எழுதக் கூச்சமாக இருப்பவர்கள் போகும்போது எங்களில் யாரிடமாவது காதில் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். கட்டி வைத்திருக்கிற பேனையை மட்டும் யாரும் கைப்பைக்குள் போட்டுவிடாதீர்கள். அது உதவி அதிபருடையது, திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

 பரிமாறுகிற பிள்ளைகளை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு நாம் போவோம்.